வேலிக்கு வெளியே ஒரு வெண்முள்

1999-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்து லாட்டூன் என்னும் இடத்தருகே, புதிய நெடுஞ்சாலைப் பணி நடந்துகொண்டிருந்தது. சாலையின் வழியில் ஒரு முள்மரம் நின்றது. தச்சனுக்கு உதவாத மரம். வழிப்போக்கனுக்கும் போதிய நிழல் தராது. ஆயினும் எடி லெனிகன் என்னும் கதைசொல்லி, ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கதை கேட்டுத் திரட்டிவந்தவர், அம்மரத்துக்காக 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மன்ஸ்டர் நாட்டுக் கண்காணா மக்கள் கொனாக்ட் நாட்டுக் கண்காணா மக்களோடு போருக்குப் புறப்படுகையில் கூடும் இடம் அது. அதை வெட்டினால் அச்சாலையில் செல்வோர்க்குக் கேடு நேரும் என்பது அவர் வாதம். வெளிநாட்டு நாளிதழ்கள் அதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. மாவட்ட நிர்வாகமோ மரத்தைச் சுற்றி வேலியிட்டு, அதற்கு இடம் விட்டுச் சாலையை அமைத்தது. 2002-இல் எவரோ இயந்திர வாளால் அதன் கிளைகளை எல்லாம் அறுத்தெறிந்தனர். அடுத்த வசந்தத்தில் மரம் மீண்டும் துளிர்த்தது.

முதலில் இதைப் படித்தபோது நாமும் நகைத்தவர்களே. பங்குப் பணியில் பேய், பிசாசு, கண்ணேறு, செய்வினை என்று நாள்தோறும் கேட்டுச் சலித்த செவிகளுக்கு, ஐரோப்பியரும் முட்புதருக்கு அஞ்சுகிறார்கள் என்பது ஒருவித ஆறுதலாகக்கூட இருந்தது. லெனிகன் 2003-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பையும், அம்மரத்தைப் பாடிய கவிஞர்களையும், அம்மரத்தடியில் உறங்குவோரைப் பற்றிய ஆய்வுகளையும் படித்த பின்னர் அந்த நகைப்பு அடங்கிவிட்டது. அந்த வாசிப்பில் நமக்குத் தோன்றிய மதிப்பீட்டையே இங்கு வாசகர் முன் வைக்கிறோம்.

மரத்தை முதலில் அறிமுகம் செய்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஹாத்தார்ன் எனப்படும் இது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்நாட்டு மரமாதலின் தமிழில் இதற்குப் பெயர் இல்லை. பிரெஞ்சு மொழியில் இதனைக் குறிக்கும் 'ஓபெப்பீன்' என்னும் சொல், இலத்தீனில் வெண்முள் எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. ஐரிஷ் மொழிப் பெயருக்கும் ஏறத்தாழ அதுவே பொருள். ஆகவே நாமும் வெண்முள் என்றே அழைப்போம். மே மாதத்தில் இலை தெரியாதபடி வெண்ணிறப் பூ பூத்து நிற்கும். இலையுதிர்காலத்தில் சிவந்த சிறு கனிகளைத் தாங்கும். ஆங்கிலேயர் இப்பூவை 'மே' என்றே அழைப்பர். ஆனால் மே முதல் நாளில் இப்போது அது பெரும்பாலும் மலர்ந்திருப்பதில்லை. 1752-இல் பிரிட்டன் தன் நாட்காட்டியில் 11 நாள்களை நீக்கியதே இதற்குக் காரணம். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் தந்த நாட்காட்டியை, அது உரோமையிலிருந்து வந்தது என்பதற்காகவே 170 ஆண்டுகள் ஏற்க மறுத்தவர்கள், இறுதியில் ஏற்றார்கள். பூவுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. அது பழைய கணக்கிலேயே பூக்கிறது.

வயல் வரப்புகளில் வேலியாக வளர்க்கப்படும் வெண்முள்ளை எவரும் வெட்டலாம்; தடையில்லை. மனிதன் நடாமல், வேலியில் சேராமல், திறந்த வெளியில் தானாக முளைத்துத் தனித்து நிற்கும் வெண்முள்ளைத்தான் அயர்லாந்து மக்கள் தொட அஞ்சினர். அது கண்காணா மக்களுக்குரியது என்றனர். அம்மக்களின் இயற்பெயரைச் சொல்ல அவர்கள் வாய் கூசும். 'நல்லோர்' என்பர், அல்லது 'அந்தக் கூட்டத்தார்' என்பர். லெனிகனின் நூல் தலைப்பிலும் அந்தக் கூட்டத்தாரே இடம்பெறுகின்றனர். அஞ்சத்தக்கதை நல்ல பெயரிட்டு அழைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நாகத்தை 'நல்ல பாம்பு' என்றுதானே சொல்கிறோம்? இதைத் தமிழில் 'தேவதைகள்' என்று பெயர்த்தால் குழந்தைகளின் படப்புத்தகத்து இறக்கைச் சிறுமிகள் நினைவுக்கு வருவர். ஆகவே நல்லோர் என்ற சொல்லையே நாமும் ஆளுகிறோம்.

இன்னொரு விலக்கும் உண்டு. வெண்முள் பூவை வீட்டிற்குள் கொண்டுவரலாகாது. கொணர்ந்தால் அவ்வீட்டில் சாவு விழும் என்னும் அச்சம் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஒன்றுபோலப் பரவியிருந்தது. இதற்கு வேதியியலார் ஒரு விளக்கம் தருகின்றனர். இப்பூவின் மணத்தில் டிரைமெத்தைலமீன் என்னும் சேர்மம் கலந்திருக்கிறது. அழுகத் தொடங்கும் உடலிலும் அதே சேர்மம் உண்டு. இறந்தோரை வீட்டிலேயே கிடத்திக் காத்திருந்த காலத்தில் அந்த வாடையை மக்கள் நன்கு அறிந்திருந்தனர். விளக்கம் சரியானதே. ஆயினும் மூக்கு அறிந்த ஒன்றைப் பற்றி நெஞ்சு என்ன எண்ணியது என்பதை வேதியியல் சொல்லாது. லென்ஸ்டர் பகுதியில் மே மாதத் தொடக்கத்துக்கு முந்திய மாலை வெண்முள் கிளையை வெட்டி, நாடாவும் பாஸ்கா முட்டையோடுகளும் கட்டி அலங்கரிப்பர். அதையும் வீட்டிற்குள் வைப்பதில்லை. வாசலுக்கு வெளியேதான் நடுவர். கொண்டாட்டத்திலும் அது வெளியேதான் நிற்க வேண்டும்.

இந்த 'வெளியே' என்னும் சொல்லை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

திருச்சபை அம்மரத்தை உள்ளே அழைக்க முயன்றதும் உண்டு. நம் ஆண்டவரின் முள்முடி வெண்முள்ளால் பின்னப்பட்டது என்னும் மரபு இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் வழங்கியது. 14-ஆம் நூற்றாண்டில் மாண்டவில் என்பவர் பெயரால் பரவிய பயண நூல் அதனைக் கூறுவதோடு, அதன் கிளையை உடன் வைத்திருப்பவனை இடி தாக்காது என்றும் சொல்கிறது. பிரான்சு மன்னர் புனித ஒன்பதாம் லூயி 1239-இல் பெற்று வந்த முள்முடித் திருப்பண்டம், 2019 ஏப்ரல் 15 அன்று பாரிசின் நோத்ர தாம் பேராலயம் தீப்பற்றியபோது காப்பாற்றப்பட்டு, 2024 டிசம்பரில் அங்கு மீண்டது. அதில் இன்று எஞ்சியிருப்பது முட்களன்று, நாணற்கோரையால் பின்னிய வளையமே. முள் எம்மரத்தினுடையது என்று ஆய்ந்தவர்கள் பெரும்பாலும் பாலஸ்தீனத்து இலந்தை இனத்தையே சுட்டுவர். நம் கரிசல் காட்டு இலந்தைக்கு அது நெருங்கிய உறவு. வெண்முள்ளுக்கு உரிய இடத்தை நம் இலந்தை பறித்துக்கொண்டது என்று சொல்லி இதனை இவ்வளவில் விடுவோம்.

இனிக் கவிஞர்களுக்கு வருவோம். வெண்முள்ளைக் கோவிலுக்குள் கண்ட ஒரே பெரிய எழுத்தாளர் பிரெஞ்சுக்காரரான மார்செல் புரூஸ்த். 1913-இல் வெளிவந்த அவருடைய பெருநாவலின் முதற்பகுதியில், சிறுவனான கதைசொல்லி மரியன்னையின் வணக்க மாதத்து மாலை வழிபாட்டுக்குப் பெற்றோருடன் செல்கிறான். பீடத்தின் மேல், மெழுகுதிரிகளுக்கிடையே, வெண்முள் கிளைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கசப்பும் இனிமையும் கலந்த வாதுமை மணத்தில் அவன் மயங்குகிறான். பின்னர் ஊருக்கு வெளியே பாதையோரத்தில் அதே பூ வேலியாகப் பூத்து நிற்கக் காணும்போது, அந்த வேலி அவனுக்குச் சிற்றாலயங்களின் வரிசையாகத் தோன்றுகிறது. அழகான பகுதி, மே மாதத்தில் நம் ஆலயங்களில் மாதா பீடத்தைப் பூவால் நிறைக்கும் சிறுமிகளை நினைவூட்டும் பகுதி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். புரூஸ்தின் பீடத்தில் பூ இருக்கிறது, அன்னை மரியா இல்லை. பூவின் அழகைச் சொல்வதற்கு வழிபாட்டின் சொற்கள் அவருக்கு வாய்ப்பாக அமைந்தன. அதற்குமேல் அவ்வழிபாடு அவருக்குத் தேவைப்படவில்லை. அங்கே மரத்துக்கும் சாவுக்கும் உள்ள உறவு முற்றிலும் மறைந்துவிடுகிறது. வெண்முள் உள்ளே வந்தது. வரும்போது தன் முள்ளை வெளியே விட்டு வந்தது.

அயர்லாந்துக் கவிஞர் சாமுவேல் ஃபெர்குசன் முள்ளை அறிந்தவர். 1834-இல் அவர் வெளியிட்ட 'தேவதை முள்மரம்' என்னும் கதைப்பாடலில், அன்னா கிரேஸ் என்னும் பெண்ணை அவள் தோழியர் நூல் நூற்பதை விட்டு எழுந்துவரச் சொல்லி அழைக்கின்றனர். நால்வரும் அந்திப் பொழுதில் மேட்டிலுள்ள வெண்முள்ளைச் சுற்றி ஆடுகின்றனர். திடீரென எங்கும் அமைதி. நால்வரும் தலை கவிழ்ந்து ஒருவரையொருவர் பற்றிக்கொள்கின்றனர். அன்னா கிரேசின் பிடி மெல்ல நழுவுகிறது. ஓராண்டு முடியுமுன் மற்ற மூவரும் மெலிந்து மடிகின்றனர். அவளைப் பின்னர் எவரும் கண்டதில்லை. அந்த அமைதி இறங்கும் இடம் மிகச் சிறந்த கவிதை என்பதில் ஐயமில்லை. பள்ளிக் குழந்தைகள் அதைப் படித்து நடுங்கியதில் வியப்பும் இல்லை.

எனினும் அப்பாடலை மறுமுறை படிக்கையில் ஒரு குறை உறுத்துகிறது. அதில் வீடு இல்லை. தூங்கும் தாய் இருக்கிறாள். விடிந்தபின் அவள் என்ன செய்தாள் என்று பாடல் கேட்பதில்லை. தாய் அழுதாளா? அருள்பணியாளரிடம் ஓடினார்களா? இறந்த மூவர்க்கு அடக்கம் உண்டு. காணாமற்போனவளுக்கு அடக்கம் ஏது, பூசை ஏது? மக்கள் சொல்லும் கதைகளில் இக்கேள்விகளே முதன்மையானவை. ஃபெர்குசனுக்கு நடுக்கம் போதுமாயிற்று. அவர் பெல்ஃபாஸ்டுப் புரோட்டஸ்டாண்டு கற்றறிவாளர். தம் அண்டை வீட்டாரின் அச்சத்தை அழகாகக் கேட்டார். அவர்களுடைய துயரம் அவர் காதில் விழவில்லை.

அத்துயரம் என்ன என்பதை அறிய, கவிதையை விட்டுக் கதைக்குச் செல்ல வேண்டும். நல்லோர் யாவர் என்று கேட்டால் அயர்லாந்துக் குடியானவர் தரும் விடை ஒரு முழு இறையியல். லூசிபரின் கலகத்தில் கடவுளோடும் சேராமல், கலகக்காரரோடும் முழுமையாகச் சேராமல் நின்ற வானதூதர்களே அவர்கள். விண்ணகத்துக்குப் போதுமான நன்மையும் நரகத்துக்குப் போதுமான தீமையும் இல்லாததால் இடையிலே பூமியில் விழுந்து, மேடுகளிலும் பழைய மண்கோட்டைகளிலும் தனி முள்மரங்களிலும் குடியேறினர். இந்த நம்பிக்கையிலிருந்து எழுந்த கதை ஒன்று, நாம் படித்த எல்லாவற்றினும் மேலானது என்று கருதுகிறோம். ஒருவகையில் அது நம்மைப் போன்ற பங்குக் குருக்களைப் பற்றிய கதையும் ஆகும்.

நல்லோர் ஒருவனை வழிமறிக்கின்றனர். "பங்குத்தந்தையிடம் சென்று, இறுதித் தீர்ப்பு நாளில் நாங்கள் மீட்படைவோமா என்று கேட்டு வா" என்கின்றனர். அவன் சென்று கேட்கிறான். குருவானவர் விடை சொல்கிறார்: அவர்கள் உடலில் பேனாவை நனைத்து எழுதும் அளவுக்கேனும் குருதி இருந்தால் மீட்படைவார்கள். சிலர் சொல்லும் வடிவத்தில், தம் பெயரை எழுதும் அளவுக்கு. அவன் திரும்பி வந்து சொல்கிறான். ஒரு துளியும் இல்லாத அவர்கள் எழுப்பிய ஓலம் அந்த வெளி முழுவதும் கேட்கிறது.

கார்க் நகரில் பிறந்த தாமஸ் கிராஃப்டன் குரோக்கர் இதே கதையின் வேறொரு வடிவத்தை 1825-இல் அச்சேற்றினார். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் அடுத்த ஆண்டே மொழிபெயர்த்த புகழ்பெற்ற தொகுப்பு அது. அதில் டெர்மட் லியரி என்பவனுடைய குடிசைக்கு ஹாரிகன் அடிகளார் வருகிறார். விருந்தளிக்க உருளைக்கிழங்கைத் தவிர அவனிடம் ஒன்றுமில்லை. ஆற்றில் விரித்த வலையில் மீன் தருவதாகச் சொல்லி நல்லோர் தம் கேள்வியை அவனிடம் அனுப்புகின்றனர். அடிகளாரோ, அவர்களே நேரில் வந்து கேட்கட்டும் என்கிறார். அதைக் கேட்டதும் நல்லோர் சிதறி ஓடுகின்றனர், மீனும் இல்லை. நகைச்சுவைக் கதையாக இது நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவர்களின் வலி நகைப்பில் கரைந்துவிடுகிறது. கவிஞர் யேட்ஸ் 1888-இல் தொகுத்த நாட்டார் கதை நூலில் குரோக்கரின் இக்கதையும் ஃபெர்குசனின் பாடலும் ஒரே பகுதியில் இடம்பெற்றன. ஒன்றில் குரு உண்டு, துயரம் இல்லை. மற்றதில் துயரத்தின் சாயல் உண்டு, குரு இல்லை. இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பது எழுத்தறியாதோர் சொன்ன அந்தப் பேனாக் கதைதான்.

கதையில் வரும் குருவானவரின் விடையைச் சற்று ஆராய்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் அது விசித்திரமான அளவுகோல். ஆனால் எபிரேயர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இறைமகன் நம்மைப் போல ஊனும் இரத்தமும் உடையவரானார் என்றும், அவர் துணை நிற்பது வானதூதர்களுக்கு அன்று, ஆபிரகாமின் வழிமரபினர்க்கே என்றும் அங்கே காண்கிறோம். குருதி உள்ளோர்க்காகவே அவர் குருதியுள்ளவரானார். மனுவுருவாதலின் மறைபொருளை ஒரு பேனா முனையளவில் அடக்கிச் சொல்லிவிட்டது அக்கதை. நூலகங்களில் நாம் புரட்டிய கனத்த ஏடுகளில்கூட இவ்வளவு சுருக்கமாக இது சொல்லப்பட்டதாக நினைவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இனி அந்த மரத்தடிக்குச் செல்ல வேண்டும்.

அயர்லாந்தின் பல மாவட்டங்களில் 'கில்லீன்' எனப்படும் சிறு புதைநிலங்கள் உள்ளன. திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைகளின் புதைநிலங்கள் அவை. அர்ச்சிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் அக்குழந்தைகளுக்கு இடமில்லை. ஆகவே பாழடைந்த கோவில்களின் ஓரத்தில், நிலங்களின் எல்லைக்கோட்டில், கடற்கரையில், நல்லோர் வாழ்வதாகச் சொல்லப்பட்ட மண்கோட்டைகளுக்குள், தனித்து நின்ற வெண்முள்ளின் அடியில் புதைத்தனர். தந்தையோ உறவினர் ஒருவரோ, கதிரவன் மறைந்தபின் சிறு பெட்டியைத் தூக்கிச் சென்று, விடியுமுன் திரும்பிவிடுவார். குரு இல்லை, மணியோசை இல்லை. பெயர் பொறிக்காத ஒரு கல். சில இடங்களில் கைப்பிடி வெண்கற்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இது சில இடங்களில் நடந்தது.

தனி முள்மரத்தை ஏன் வெட்டலாகாது என்று கேட்டால், நல்லோர் சினப்பர் என்பது ஒரு விடை. அதன் அடியில் குழந்தைகள் உறங்குகிறார்கள் என்பது இன்னொரு விடை. ஒரே ஊரில் இரண்டும் வழங்கும். இரண்டும் வேறுவேறு நம்பிக்கைகள் அல்ல என்பது நம் துணிபு. விண்ணகத்துக்கும் நரகத்துக்கும் இடையே நின்றுபோன வானதூதர்; அவ்வாறே இடையே நின்றுபோன குழந்தைகள். இடமற்றோர்க்கு இடமற்றோரே துணை என்று மக்கள் கருதியிருக்க வேண்டும். அல்லது அவர்கள் இவ்வாறு கருதியிருக்கலாம்: எந்த வேலியும் காக்காத அக்குழிகளை, எந்தச் சட்டமும் காக்காத அக்குழிகளை, ஏரும் கோடரியும் அணுகாமல் காக்கும் ஒரே வழி அச்சம். நிலக்கிழார் சட்டத்துக்கு அஞ்சமாட்டார், மந்திரிக்கப்படாத மண்ணுக்கும் அஞ்சமாட்டார், நல்லோர்க்கு அஞ்சுவார். அந்த 'மூடநம்பிக்கை' ஓர் ஏழைத் தாயின் கல்லறைக் காவலன்.

இப்படியொரு காவல் ஏன் தேவைப்பட்டது என்னும் கேள்விக்கு, வருத்தத்தோடு, நாமே விடை சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம்.

திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் மிக மெல்லிய தண்டனைக்கு உள்ளாவர் என்றார் புனித அகுஸ்தினார். பெலாஜியரோடு நடந்த வாதத்தின் சூட்டில் பிறந்த கருத்து அது. புனித தோமா அக்குவினா துன்பத்தை நீக்கி, கடவுளைக் காணும் பேறில்லாத இயல்பான இன்பம் அவர்களுக்கு உண்டு என்றார். அந்நிலைக்கு லிம்போ என்று பெயர். இலத்தீனில் ஆடையின் ஓரம், விளிம்பு என்று பொருள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. ஆனால் சட்டம் அதை வரையறுத்ததுபோலவே நடந்துகொண்டது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1239-ஆம் எண், திருமுழுக்கின்றி இறந்தோர்க்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது. 1212-ஆம் எண், அத்தகையோர்க்கென வேறோர் அடைத்த இடம் இயன்றால் இருக்கட்டும் என்றது. அச்சட்டம் கிளேர் மாவட்டத்துக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. உலகெங்கும், நம் மறைமாவட்டங்களிலும், அதுவே சட்டம்.

அயர்லாந்துக் கத்தோலிக்கரோ இரட்டைச் சுமை சுமந்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆட்சி இயற்றிய சட்டம், புனிதக் கிணறுகளில் கூடுவோர்க்கு 10 ஷில்லிங் தண்டமும், கட்டத் தவறினால் கசையடியும் விதித்தது. அக்கிணறுகளின் கரையிலும் பல இடங்களில் வெண்முள் நின்றது. நோயுற்றோர் அதன் கிளையில் துணிக்கீற்றைக் கட்டிச் செபித்தனர், நம் திருத்தலங்களில் தாய்மார் தொட்டில் கட்டுவதைப் போல. ஆலயங்கள் பறிக்கப்பட்டிருந்த நாள்களில் கிணறும் முள்மரமுமே ஆலயமாயின. பின்னர் ஒடுக்குமுறை ஒழிந்தது, ஆலயங்கள் எழுந்தன, 1850-இல் தர்ல்ஸ் சங்கம் கூடியது. அதன்பின் அக்கிணற்றுத் திருவிழாக்களை அடக்கியவர்களுள் நம் சொந்த ஆயர்களும் குருக்களும் இருந்தனர். குடியும் சண்டையும் மிகுந்துவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். பொய்யன்று. ஆனால் அந்நியன் கசையால் செய்ய இயலாததை நாம் மறையுரையால் செய்து முடித்தோம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இக்கட்டுரையின் மையமான கேள்வி இதுதான். கதையில் வரும் குருவானவர் வகுத்த அளவுகோல்: பேனா முனையை நனைக்கும் அளவுக் குருதி. வானதூதரிடம் அது இல்லை, அவர்கள் ஓலமிட்டனர். மரத்தடியில் உறங்கும் குழந்தையிடம்? ஒரு நாழிகை வாழ்ந்த சிசுவின் உடலிலும், ஏன், உயிரோடு வெளிவராத சிசுவின் உடலிலும், ஒரு பேனா அன்று, பல பேனாக்கள் நனையும் குருதி இருந்தது. அது தாயின் உடலிலிருந்து உருவான குருதி. ஆபிரகாமின் வழிமரபைப் போன்றே மானிடக் குருதி. ஆக, எழுத்தறியாத குடியானவரின் கதையைச் சரியாக வாசித்தால், லிம்போவின் கதவு அங்கேயே திறந்துகிடக்கிறது. கதை சொன்னவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் இயலாது. தம் குருவின் வாயிலேயே அந்த விடையை வைத்து, அவரையே அறியாமல் தம் குழந்தைகளுக்குச் சாட்சி சொல்ல வைத்தார்கள் என்று வாசிக்க நமக்கு உரிமை உண்டு. மிகையான வாசிப்பு எனச் சிலர் கருதலாம். ஆயினும் ஒரு கதையின் அளவுகோல் அக்கதைக்கு அப்பாலும் செல்லுபடியாகுமா என்று பார்ப்பது திறனாய்வின் பணிதானே?

இந்த இடத்திற்கு மிக அருகில் வந்த கவிஞர் ஷேமஸ் ஹீனி. டெர்ரி மாவட்டத்துக் கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் 1939-இல் பிறந்து, 1995-இல் நோபல் பரிசு பெற்று, 2013-இல் மறைந்தவர். 1972-இல் வெளிவந்த தொகுப்பில் 'லிம்போ' என்றே தலைப்பிட்ட கவிதை ஒன்றுண்டு. பாலிஷானன் என்னும் ஊரில் மீனவர் வலையில் சால்மன் மீன்களோடு ஒரு சிசுவின் உடலும் வருகிறது. தாய் தண்ணீரில் விட்ட குழந்தை. கவிஞர் எவரையும் ஏசவில்லை. குளிர்ந்த அந்த நீரின் முன் கிறிஸ்துவையே இயலாதவராக நிறுத்திவிட்டு விலகுகிறார். இறையியல் மாணவன் எவனும் அக்கவிதையைப் படித்துவிட்டு லிம்போ பற்றிய தேர்வுக்கு அமைதியாக விடை எழுத முடியாது. பின்னர் 1987-இல் வெண்முள்ளின் கனியையே தலைப்பாக்கி அவர் எழுதிய 'ஹா லேண்டர்ன்' வந்தது. பனிக்காலத்தில் இலையற்ற முள்கிளையில் எரியும் ஒரு சிவந்த கனி, எளிய மனிதர்க்கான சிறு விளக்காகிறது. பிறகு அதுவே நேர்மையான ஒருவனைத் தேடும் டயோஜெனிசின் விளக்காகி நம் முகத்துக்கு நேரே உயர்கிறது. நம்மை உற்றுப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறது. புரூஸ்த் மரத்தைப் பார்த்தார். ஃபெர்குசன் மரத்துக்கு அஞ்சினார். ஹீனியின் கவிதையில்தான் மரம் நம்மைப் பார்க்கிறது. கோவிலுக்கு வெளியே நிற்பது உள்ளே இருப்பவரைச் சோதிக்கிறது. முள்மரத்தை இவ்வளவு துல்லியமாக வாசித்தவர் வேறு எவரும் இல்லை என்று நாம் எண்ணுகிறோம். அவருடைய கவிதையில் நல்லோர் ஒருவரும் தலைகாட்டுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்கள் தேவைப்படவில்லை.

திருச்சபை மெல்ல நடந்தது, ஆனால் நடந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1183-ஆம் எண், பெற்றோர் திருமுழுக்களிக்க எண்ணியிருந்து அதற்குமுன் இறந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் தர ஆயர் இசைவளிக்கலாம் என்கிறது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் குழு, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு வெளியிட்ட ஆவணம், அவர்கள் மீட்படைவர் என்று நம்பியிருக்க உறுதியான அடிப்படை உண்டு என்றது. நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற 1990-களில் லிம்போ ஏற்கெனவே ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டிருந்தது. பேராசிரியர் அதனை அரை நிமிடத்தில் கடந்தார், நாமும் கடந்தோம். அயர்லாந்தில் அந்த அடிக்குறிப்பின் மேல் மரங்கள் நின்றன. அண்மைக் காலத்தில் அங்கே பல கில்லீன்களுக்குக் குருக்களும் மக்களும் பவனியாகச் சென்று, மண்ணை மந்திரித்து, நினைவுக்கல் நாட்டி வருகின்றனர். சில இடங்களில் அந்த வெண்முள் இன்னும் நிற்கிறது. அதை வெட்டிவிட்டு நினைவுக்கல் நாட்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வோம்.

நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதிலுக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் வெறுமையாய்க் கிடந்தது. மரம் ஒன்றும் இல்லை. ஒரு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைகளை எல்லாம் மந்திரித்து முடித்துத் திரும்புகையில், எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி மதிலோரம் மெழுகுதிரியோடு நின்றிருந்தார். "சாமி, மதிலுக்கு அந்தப் பக்கம் எம்புள்ள ஒண்ணு கெடக்கு. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அங்கயும் கொஞ்சம் தீர்த்தம் தெளிப்பீங்களா?" என்றார். நாம் மதிலைச் சுற்றி நடந்து அங்கே சென்றோம். செபத்தில் சொல்வதற்காகக் குழந்தையின் பெயரைக் கேட்டோம்.

"பேரு வைக்கல சாமி" என்றார்.